யானே கள்வன்: துன்பியல் நாடகம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாடக இலக்கியத்தைப் பாடமாகப் படிப்பவர்களும் நாடகக் குழுக்களில் புதிதாகச் சேர்ந்தவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். பெரும்பாலானவை பழைய கிரேக்க நாடகத்தைப் பற்றியவை, ஏனென்றால் துன்பியல் (டிராஜெடி) என்ற வடிவமும் அதைப் பற்றிய ஆராய்ச்சியும் அங்கேதான் தொடங்கின. சில கேள்விகளுக்கு நாலு வரி போதும். சிலவற்றுக்குப் போதாது.

முடிவு சோகமாக இருந்தால் அது துன்பியல் நாடகம் ஆகிவிடுமா?

ஆகாது. இந்த ஒரு குழப்பம் தீர்ந்தாலே பாதிப் பாடம் முடிந்த மாதிரி. ஏதென்ஸ் நகரத்தில் துன்பியல் போட்டிக்கு வந்த நாடகங்களில் நல்லபடியாக முடிகிறவையும் இருந்தன. ஏதென்ஸ் புலவர் எஸ்கிலஸின் ‘ஒரெஸ்தெயா’ மூன்று நாடகங்களின் தொடர். கணவனை மனைவி கொல்கிறாள், தாயை மகன் கொல்கிறான், பழிவாங்கும் தேவதைகள் மகனைத் துரத்துகின்றன. கடைசியில் ஒரு நீதிமன்றம் கூடுகிறது, வாக்குகள் எண்ணப்படுகின்றன, மகன் விடுதலையாகிறான். துரத்திய தேவதைகளுக்கே ஊரில் இடமும் மரியாதையும் கிடைக்கின்றன. ஊர்வலத்தோடு முடிகிற நாடகம் அது. ஆனாலும் துன்பியல்தான்.

லாரி மோதி ஒரு நல்ல மனிதர் இறந்துபோனார் என்று கேட்டால் நெஞ்சு பதறும். ஆனால் அதை அப்படியே மேடையில் வைத்தால் துன்பியல் நாடகம் ஆகாது. அவர் செய்த எதுவும் அவரை அந்த முடிவுக்குக் கொண்டுவரவில்லை. துன்பியலில் ஒருவர் தன் கையாலேயே, பல நேரம் நல்ல எண்ணத்தோடேயே, தன் அழிவை நோக்கி நடக்கிறார். நடந்தது என்ன என்று அவருக்குத் தெரியவரும்போது நேரம் கடந்துவிடுகிறது. சாவைவிட இந்தத் தெரியவருதல்தான் துன்பியலின் உயிர் என்று நான் நம்புகிறேன். கீழே வரும் பதில்கள் பலவும் இங்கேதான் வந்து சேரும்.

துன்பியல், அவலம், சோக நாடகம்: எந்தச் சொல்லைப் பயன்படுத்துவது?

பாடநூல்களில் ‘துன்பியல்’ நிலைத்துவிட்டது, அதையே வைத்துக்கொள்ளலாம். ‘அவலம்’ என்பது ஒரு சுவையின் பெயர். எந்த வகை நாடகத்திலும் அவலச்சுவை வரலாம். ‘சோக நாடகம்’ என்றால் முடிவை மட்டும் சொன்னதாகிறது. கிரேக்கச் சொல்லான ‘திராகோடியா’வுக்கு நேர்ப்பொருள் வெள்ளாட்டுப் பாட்டு. ஆடு பரிசாகக் கொடுக்கப்பட்டதா, பலியாகக் கொடுக்கப்பட்டதா என்று அறிஞர்கள் இன்னும் வாதாடுகிறார்கள்.

சொல் விஷயத்தில் கவனம் தேவை என்பதற்கு ஒரு நல்ல உதாரணம் உண்டு. கிரேக்கத் தத்துவஞானி அரிஸ்டாட்டில் துன்பியலை ஆராய்ந்து எழுதிய ‘கவிதையியல்’ 10ஆம் நூற்றாண்டில் பாக்தாதில் சிரிய மொழி வழியாக அரபுக்குப் போனது. 12ஆம் நூற்றாண்டில் அதற்கு உரை எழுதிய தத்துவஞானி இப்னு ருஷ்துவுக்குக் கிரேக்க நாடகமேடையைப் பார்க்கும் வாய்ப்பே இல்லை. அவர் கைக்கு வந்த மொழிபெயர்ப்பில் துன்பியல் ‘புகழ்ப்பாட்டு’ என்றும் இன்பியல் ‘வசைப்பாட்டு’ என்றும் ஆகியிருந்தன. பெரிய அறிஞர் அவர். கையில் இருந்த சொல் வேறு திசையைக் காட்டியதால் உரை முழுக்க வேறு திசையில் போனது.

துன்பியல் நாடகம் எங்கே, எப்படித் தொடங்கியது?

ஏதென்ஸில், டயோனிசஸ் என்ற கடவுளின் திருவிழாவில். தெஸ்பிஸ் என்பவர் கி.மு. 534 வாக்கில் ஆடிப்பாடும் குழுவான கோரஸிலிருந்து தனியே நின்று பேசிய முதல் நடிகர் என்பது மரபுச் செய்தி. அதற்கு அடுத்த நூற்றாண்டுதான் உச்சம்.

விழா வசந்த காலத்தில், அக்ரோபொலிஸ் குன்றின் தெற்குச் சரிவில் நடக்கும். மூன்று புலவர்கள் போட்டியிடுவார்கள். ஒவ்வொருவரும் மூன்று துன்பியல் நாடகங்களும், இறுக்கம் தளர, சட்டிர் நாடகம் எனப்படும் கேலி நாடகம் ஒன்றும் தரவேண்டும். யாருக்கு வாய்ப்பு என்று அரசு அதிகாரி முடிவு செய்வார். கோரஸுக்குப் பயிற்சி, உடை, சாப்பாடு எல்லாம் ஒரு பணக்காரக் குடிமகனின் பொறுப்பு. அது அவருக்கு வரி மாதிரியும் கௌரவம் மாதிரியும். நம் ஊரில் கூத்துக்கு உபயதாரர் பிடிப்பதை நினைத்துக்கொண்டால் கிட்டத்தட்டப் புரிந்துவிடும். நடுவர்களைக் குலுக்கல் முறையில் எடுத்தார்கள்.

நாடகங்கள் தொடங்குவதற்கு முன்னால் நட்பு நகரங்கள் கட்டிய கப்பம் அரங்கில் எல்லோரும் பார்க்கக் கொண்டுவரப்படும். போரில் தந்தையை இழந்து அரசு செலவில் வளர்ந்த பையன்கள் போர்க்கவசம் அணிந்து அணிவகுத்து வருவார்கள். அந்தப் பையன்களைப் பார்த்த கண்ணோடுதான் கூட்டம் நாடகத்தைப் பார்க்க உட்கார்ந்தது. துன்பியல் அங்கே ஊரே கூடிச் செய்கிற காரியம்.

மேடையில் எத்தனை பேர்? ஏன் எல்லாக் கொலைகளும் மறைவில் நடக்கின்றன?

பேசும் நடிகர்கள் அதிகபட்சம் மூவர், எல்லோரும் ஆண்கள். எஸ்கிலஸ் இரண்டாவது நடிகரைச் சேர்த்தார், இன்னொரு புலவரான சோபோக்ளிஸ் மூன்றாமவரைச் சேர்த்தார் என்று அரிஸ்டாட்டில் எழுதுகிறார். முகமூடியை மாற்றிக்கொண்டு ஒருவரே பல வேடம் கட்டுவார். ஆடிப்பாடும் கோரஸில் முதலில் 12 பேர், பிறகு 15 பேர்.

கொலை பொதுவாகக் கதவுக்குப் பின்னால் நடக்கும். அப்புறம் ஒரு தூதன் ஓடிவந்து நடந்ததைச் சொல்வான், அல்லது சக்கரம் வைத்த பலகையில் உடலை வெளியே தள்ளிக் காட்டுவார்கள். இது கூச்சத்தால் மட்டும் வந்த வழக்கம் என்று நான் நினைக்கவில்லை. முகமூடி போட்டவன் மேடையில் செத்து விழுவதைவிட, பார்த்தவன் ஒருவன் நடுங்கிக்கொண்டு சொல்லும்போது கேட்பவன் மனதில் பெரிய மேடை விரிகிறது. புதிதாக நாடகம் எழுதுகிறவர்கள் தூதன் பேச்சுகளை மட்டும் தனியாக எடுத்துப் படித்தால்கூடப் போதும், நிறையக் கற்றுக்கொள்ளலாம்.

நம் ஊரில் சமீபத்தில் நடந்த துயரத்தையே துன்பியலாக எழுதலாமா?

எழுதலாம். ஆனால் இரண்டு பழைய நாடகங்களின் கதையைத் தெரிந்துகொண்டு எழுதுங்கள்.

கி.மு. 494இல் மிலீட்டஸ் நகரத்தைப் பாரசீகர்கள் அழித்தார்கள். ஏதென்ஸுக்கு அது உறவுக்கார ஊர். பிரினிக்கஸ் என்ற புலவர் அதை நாடகமாக்கினார். அரங்கமே அழுதது. சொந்தத் துயரத்தை நினைவுபடுத்திவிட்டார் என்று அவருக்கு 1,000 திராக்மா அபராதம் போட்டு, அந்த நாடகத்தை இனி யாரும் போடக்கூடாது என்றும் தடுத்தார்கள். இதைச் சொல்பவர் வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ்.

அடுத்தது எஸ்கிலஸின் ‘பாரசீகர்கள்’, கி.மு. 472. நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய துன்பியல் நாடகம் இதுதான். எட்டு ஆண்டுகளுக்கு முன்பு சலாமிஸ் கடற்போரில் ஏதென்ஸ் பாரசீகரை வென்றிருந்தது. எஸ்கிலஸ் மாரத்தான் போரில் தானே நின்று போரிட்டவர், அங்கேயே தன் சகோதரனைப் பறிகொடுத்தவர். இப்படி ஒருவர் வெற்றிப் பாட்டுத்தானே எழுதுவார்? அவர் கதையைத் தோற்றவர்களின் தலைநகரான சூசாவில் வைத்தார். மகன் திரும்பி வருவானா என்று காத்திருக்கும் அரசி. செய்தி கொண்டுவரும் தூதன். இறந்த பாரசீக வீரர்களின் பெயர்கள் ஒவ்வொன்றாக வருகின்றன. கிரேக்கர் ஒருவரின் பெயர்கூட நாடகத்தில் இல்லை. கந்தல் உடையோடு அரசன் வந்து சேர்ந்ததும் கோரஸோடு சேர்ந்து ஒப்பாரி வைக்கிறான். பார்த்துக்கொண்டிருந்த கூட்டத்தில் அந்தப் போரில் சண்டையிட்டவர்களும் இருந்தார்கள். நாடகம் முதல் பரிசு வாங்கியது.

முதல் நாடகம் தன் காயத்தைக் காட்டியது, ஊரால் தாங்க முடியவில்லை. இரண்டாவது எதிரியின் காயத்தைக் காட்டியது, ஊர் உட்கார்ந்து பார்த்தது. துயரத்துக்கும் பார்க்கிறவனுக்கும் நடுவே எவ்வளவு தூரம் வைக்கவேண்டும் என்பதை எழுதுகிறவர்தான் அளக்கவேண்டும். அந்தத் தூரத்தை எஸ்கிலஸ் அளந்த விதத்தைப் படிக்கும்போது எனக்கு இன்னும் மயிர்க்கூச்செறிகிறது.

மொத்தம் எத்தனை நாடகங்கள் கிடைத்திருக்கின்றன?

முழுதாகக் கிடைத்தவை முப்பத்துச் சொச்சம்தான். எஸ்கிலஸ் பெயரில் 7 (ஒன்று அவருடையதுதானா என்ற ஐயம் உண்டு), சோபோக்ளிஸ் 7, மீதி யூரிப்பிடிஸ். சோபோக்ளிஸ் மட்டும் 120க்கு மேல் எழுதினார் என்பதை நினைத்தால் மனம் வலிக்கும். ஏட்டுச்சுவடிகளைக் கரையானுக்குக் கொடுத்த நமக்கு இந்த வலி புதிதல்ல.

அரிஸ்டாட்டில் சொன்ன இலக்கணம் என்ன?

கி.மு. 4ஆம் நூற்றாண்டில், எஸ்கிலஸ், சோபோக்ளிஸ், யூரிப்பிடிஸ் மூவரும் இறந்து பல பத்தாண்டுகள் கழித்து எழுதியது. சுருக்கமாக இப்படிச் சொல்லலாம்: துன்பியல் என்பது கனமான, முழுமையான, போதிய அளவுள்ள ஒரு செயலை நடித்துக் காட்டுவது, அது இரக்கத்தையும் அச்சத்தையும் எழுப்பி, அவற்றின் வழியாகவே அந்த உணர்ச்சிகளுக்கு ‘கதார்சிஸ்’ நிகழ்த்துகிறது. கதைப்பின்னல், குணம், கருத்து, சொல், பாட்டு, காட்சி என்று ஆறு உறுப்புகள் சொல்கிறார். கதைப்பின்னல்தான் உயிர், காட்சி ஜோடனைக்குக் கடைசி இடம்.

‘செயல்’ என்ற சொல்லை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள். ஒரு மனிதன் எப்படிப்பட்டவன் என்பதைவிட என்ன செய்தான் என்பதைத்தான் துன்பியல் பின்தொடர்கிறது என்று அவர் அழுத்திச் சொல்கிறார்.

‘ஹமார்ட்டியா’ என்றால் நாயகனின் குணக்குறையா?

நாயகனின் வீழ்ச்சிக்குக் காரணமாக அரிஸ்டாட்டில் காட்டும் கிரேக்கச் சொல் இது. தேர்வுக் குறிப்புகளில் அப்படித்தான் இருக்கும். ஹாம்லெட்டின் குறை தயக்கம், மக்பெத்தின் குறை பேராசை, ஈடிபஸின் குறை ஆணவம் என்று பட்டியல் போட்டுக் கொடுப்பார்கள். மனப்பாடம் செய்ய வசதி. ஆனால் இப்படிப் படித்தால் நாடகம் ஒரு நன்னடத்தைச் சான்றிதழாகச் சுருங்கிப்போகும்.

அரிஸ்டாட்டில் சொல்வது வேறு. நல்லவன் காரணமில்லாமல் கெட்டால் அருவருப்பு வருகிறது. தீயவன் கெட்டால் சரிதான் என்று தோன்றுகிறது. ஆகவே நடுத்தரமான ஒருவன், தன் தீமையால் இல்லாமல், ஒரு ஹமார்ட்டியாவால் வீழவேண்டும். எறிந்த ஈட்டி குறி தவறுவதைச் சொல்ல, அந்தச் சொல்லின் வேர் வினையைப் பழைய கிரேக்கக் கவிஞர் ஹோமர் பயன்படுத்துகிறார்.

இங்கே தமிழ் நமக்கு ஒரு பெரிய உதவி செய்கிறது. ‘கான முயலெய்த அம்பினில் யானை பிழைத்தவேல் ஏந்தல் இனிது’ என்ற குறளில் ‘பிழைத்தவேல்’ என்றால் குறி தவறிய வேல். பிறகு அதே சொல்தான் தவறு என்ற பொருளில் நிலைத்தது. குறி தப்பியது, தவறானது என்று கிரேக்கச் சொல் நடந்த பாதையிலேயே தமிழ்ச் சொல்லும் நடந்திருக்கிறது. ஆகவே ஹமார்ட்டியாவுக்குக் ‘குறை’ என்றோ ‘குற்றம்’ என்றோ எழுதவேண்டாம். ‘பிழை’ என்று எழுதுங்கள். குறை ஆளிடம் இருப்பது. பிழை செயலில் நேர்வது. குறி பார்த்துத்தான் எறிந்தான், ஆனால் அங்கே நின்றது வேறு ஆள்.

சிலப்பதிகாரத்தில் பாண்டியன் ‘என்முதற் பிழைத்தது கெடுகவென் ஆயுள்’ என்று சொல்லி விழுகிறான். பிழைத்தது என்ற அதே வினை. ஊடிய அரசியைச் சமாதானப்படுத்தப் போகிற அவசரத்தில், பொற்கொல்லன் பேச்சைக் கேட்டு, விசாரிக்காமல் ஒரு வரியில் ஆணையிட்டவன் அவன். கொடுங்கோலன் என்று யாரும் அவனைச் சொல்ல முடியாது. கண்ணகியின் சிலம்பை உடைத்ததும் முத்துக்குப் பதில் மாணிக்கம் தெறிக்கிறது. அந்த ஒரு நொடியில் நீதிபதி குற்றவாளி ஆகிறான்: ‘யானோ அரசன் யானே கள்வன்’. நிலைமை தலைகீழாவதை ‘பெரிபெட்டெயா’ என்றும், அறியாமை அறிவாவதை ‘அனக்னொரிசிஸ்’ என்றும் அரிஸ்டாட்டில் பிரிக்கிறார். இரண்டும் ஒரே கணத்தில் நேர்வதுதான் சிறந்தது என்கிறார். வழக்குரை காதையைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியவில்லை. சிலம்பு காப்பியம், நாடகம் இல்லையே என்று கேட்கலாம், சரிதான். ஆனால் அந்தக் காதையை உரக்கப் படித்துப் பாருங்கள். வாயிலோன், அரசன், கண்ணகி என்று மூன்று குரல்கள். அது மேடைதான்.

ஈடிபஸ் விதியால்தானே அழிந்தான்? அப்புறம் அவன் பிழை என்ன?

கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். தந்தையைக் கொன்று தாயை மணப்பான் என்ற வாக்கு காரணமாக, தீப்ஸ் அரசன் தன் குழந்தையின் கணுக்கால்களைத் துளைத்துக் காட்டில் விடச் சொல்கிறான். மேய்ப்பன் இரங்கி, இன்னொரு மேய்ப்பனிடம் கொடுக்க, குழந்தை கொரிந்து அரண்மனையில் வளர்கிறது. வளர்ந்தவன் அதே வாக்கைக் கேட்டு, கொரிந்தில் உள்ளவர்களையே பெற்றோர் என்று நம்பி, அவர்களைக் காப்பாற்ற ஊரைவிட்டு ஓடுகிறான். மூன்று சாலைகள் சேரும் இடத்தில் ஒரு முதியவரோடு தகராறு வந்து அவரைக் கொல்கிறான். தீப்ஸைப் பிடித்த ஸ்பிங்ஸ் என்ற அரக்கியின் விடுகதைக்கு விடை சொல்லி அரசனாகி, விதவை அரசியை மணக்கிறான்.

இதெல்லாம் நாடகம் தொடங்கும் முன்பே முடிந்துபோனவை. சோபோக்ளிஸ் மேடையில் காட்டுவது வேறு. ஊரில் கொள்ளைநோய். பழைய அரசனைக் கொன்றவனைக் கண்டுபிடித்தால் நோய் தீரும் என்கிறது அசரீரி. ஈடிபஸ் துப்புத்துலக்கத் தொடங்குகிறான். அதை அவன்மேல் எந்தக் கடவுளும் சுமத்தவில்லை. குருட்டு ஞானி தடுக்கிறார். உண்மையை அவனுக்கு முன்பே உணர்ந்துவிட்ட அரசி ஜொகாஸ்டா, அவன் மணந்த தாய், கேட்காதே என்று கெஞ்சுகிறாள். கொரிந்திலிருந்து வந்த தூதன் அவன் பயத்தைப் போக்குவதாக நினைத்து, ‘அவர்கள் உன்னைப் பெற்றவர்கள் இல்லை’ என்று சொல்கிறான். அந்த ஆறுதல்தான் கதவைத் திறந்துவிடுகிறது. கடைசியில் பழைய மேய்ப்பன், சொல்லக்கூடாததைச் சொல்லும் விளிம்பில் நிற்கிறேன் என்று நடுங்குகிறான். நானும் கேட்கும் விளிம்பில் நிற்கிறேன், ஆனாலும் கேட்டே ஆகவேண்டும் என்கிறான் ஈடிபஸ்.

அந்தப் பதிலில்தான் அவன் பெருமை இருக்கிறது. விதி அவனைக் கொலையாளி ஆக்கியிருக்கலாம். உண்மையைத் தேடும்படி அவனை யாரும் கட்டாயப்படுத்தவில்லை. பிறகு தன் கண்களைக் குத்திக்கொண்டு வெளியே வந்து, இந்தத் துன்பங்களைக் கொண்டுவந்தது அப்பல்லோ, ஆனால் குத்திய கை என்னுடையது என்கிறான். விதியா, மனிதனா என்ற கேள்விக்கு நாடகமே இரண்டையும் சேர்த்துப் பதில் சொல்லிவிட்டது. நாம் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை.

அப்புறம் ஒன்று. அரிஸ்டாட்டில் திரும்பத் திரும்ப உதாரணம் காட்டும் இந்த நாடகம் போட்டியில் முதல் பரிசு வாங்கவில்லை. அதை வென்றவர் பிலொக்ளிஸ், எஸ்கிலஸின் சகோதரி மகன் என்கின்றன பழைய குறிப்புகள். அவருடைய நாடகம் ஒன்றுகூட இன்று முழுதாக இல்லை.

கதார்சிஸ் என்றால் என்ன?

அரிஸ்டாட்டில் அந்தச் சொல்லை இலக்கணத்தில் வைத்துவிட்டு விளக்காமல் போய்விட்டார். இன்னொரு நூலில், இதைக் கவிதை பற்றிய நூலில் தெளிவாகச் சொல்வேன் என்கிறார்; நமக்குக் கிடைத்த பகுதியில் அது இல்லை. அதனால் மூன்று விளக்கங்கள் உலவுகின்றன. பேதிக்குக் கொடுத்து வயிற்றைச் சுத்தம் செய்வதுபோல உணர்ச்சியை வெளியேற்றுவது என்பது மருத்துவ விளக்கம். 1857இல் யாக்கோப் பெர்னாய்ஸ் இதை வலுவாக முன்வைத்தார். உணர்ச்சியைப் பண்படுத்தி அளவோடு வைப்பது என்பது இரண்டாவது. இரக்கமும் அச்சமும் எதன்மேல் வரவேண்டும் என்று தெளிவது என்பது மூன்றாவது. நான் மூன்றாவது பக்கம் சாய்கிறேன். நல்ல நாடகம் பார்த்து வெளியே வரும்போது எனக்கு மனம் காலியானதாகத் தோன்றுவதில்லை, கூர்மையானதாகத்தான் தோன்றுகிறது.

தொல்காப்பியம் சொல்லும் எட்டு மெய்ப்பாடுகளில் அழுகையும் அச்சமும் உண்டு. அழுகை பிறக்கும் இடங்கள் ‘இளிவே இழவே அசைவே வறுமை’ என்று நான்கு. இழிவுபடுதல், இழத்தல், இருந்த நிலையிலிருந்து தளர்தல், வறுமை. ஈடிபஸுக்கு முதல் மூன்றும் ஒரே நாளில் வருகின்றன. அரிஸ்டாட்டிலையும் தொல்காப்பியரையும் ஒன்று என்று சொல்லவரவில்லை. தொல்காப்பியர் உடலில் தெரியும் உணர்ச்சியைப் பேசுகிறார், அரிஸ்டாட்டில் கதைப்பின்னல் அதை எப்படிப் பிறப்பிக்கிறது என்று பேசுகிறார். பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால் இரண்டுமே துலங்கும்.

மூன்று ஒருமைகள் என்று படித்தோமே?

காலம், இடம், செயல் ஆகிய மூன்றும் ஒன்றாக இருக்கவேண்டும் என்ற விதியை அரிஸ்டாட்டில் தலையில் கட்டியது 16ஆம் நூற்றாண்டு இத்தாலி, முக்கியமாக காஸ்டெல்வெட்ரோ. அரிஸ்டாட்டில் விதியாகச் சொன்னது செயல் ஒருமை ஒன்றைத்தான். துன்பியல் பெரும்பாலும் ஒரு பகல் பொழுதுக்குள் அடங்கப் பார்க்கிறது என்று ஒரு கவனிப்பு மட்டும் உண்டு. இடம் பற்றி விதி எதுவும் இல்லை.

‘ஆன்டிகனி’யில் நியாயம் யார் பக்கம்?

சோபோக்ளிஸின் இந்த நாடகத்தில் ஆன்டிகனியின் அண்ணன் தீப்ஸை எதிர்த்துப் படை கொண்டுவந்து இறக்கிறான். அவனை யாரும் அடக்கம் செய்யக்கூடாது என்று அரசன் கிரயோன் ஆணையிடுகிறான். தங்கை ஆன்டிகனி மண் தூவுகிறாள். அவளை உயிரோடு குகையில் வைத்து அடைக்கிறார்கள். குடும்பத்தின் நியாயமும் அரசின் நியாயமும் மோதுகின்றன, இரண்டும் சரி, இரண்டும் ஒருபக்கமானவை என்றார் ஜெர்மன் தத்துவஞானி ஹெகல். துன்பியல் பற்றிச் சொல்லப்பட்ட மிகச் செல்வாக்கான கருத்துகளில் இது ஒன்று.

எனக்கு இதில் முழு உடன்பாடு இல்லை. நாடகத்தில் தன் பிழையை உணர்ந்து உடைகிறவன் கிரயோன்தான். ஒரு சின்ன இடத்தைக் கவனியுங்கள். கோரஸ் அவனிடம், முதலில் பெண்ணை விடுவி, பிறகு உடலை அடக்கம் செய் என்கிறது. அவனோ முதலில் உடலுக்குச் சடங்கு செய்துவிட்டுக் குகைக்குப் போகிறான். அதற்குள் அவள் தூக்கிட்டுக்கொண்டாள். அவளை மணக்க இருந்த அவன் மகனும் சாகிறான், அந்தச் செய்தி கேட்டு மனைவியும் சாகிறாள். மனம் மாறிய பிறகும் வரிசை தவறியது. இப்படி ஒரு விவரத்தை வைக்க சோபோக்ளிஸால்தான் முடியும்.

இந்திய மரபில் துன்பியலே இல்லை என்கிறார்களே?

சமஸ்கிருத நாடக இலக்கணம் மேடையில் சாவைத் தவிர்க்கச் சொல்கிறது, மங்களமாக முடிக்கச் சொல்கிறது. அதை வைத்துச் சொன்ன பேச்சு அது. ஆனால் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கணபதி சாஸ்திரி திருவனந்தபுரம் பகுதியில் கண்டெடுத்துப் பதிப்பித்த நாடகங்களில் ‘ஊருபங்கம்’ உண்டு. சமஸ்கிருத நாடகாசிரியர் பாசன் எழுதியதாகக் கருதப்படுவது. தொடை முறிந்து கிடக்கும் துரியோதனன் மடியில் ஏற வரும் சின்ன மகனை ஏற்க முடியாமல் தவிக்கிறான், கண்முன்னே இறக்கிறான்.

கூத்தை விட்டுவிட்டு இந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதும் தப்பு. வட தமிழ்நாட்டில் பாரதக் கூத்து நடக்கும் ஊர்களில் கடைசி நாள் படுகளம். மண்ணால் செய்து படுக்கவைத்த துரியோதனனின் பெரிய உருவம். அவன் வீழ்ந்ததும் கொண்டாட்டத்தோடு ஒப்பாரியும் எழும். எதிரிக்கு ஒப்பாரி வைக்கும் இந்த மனம் எஸ்கிலஸுக்குத் தெரிந்த மனம்தான். ‘கர்ண மோட்சம்’ கருமாதி வீடுகளிலும் ஆடப்படுகிறது. உறவுக்குள் நடக்கும் கொலைதான் இரக்கத்தை எழுப்பும், பகைவனைப் பகைவன் கொன்றால் எழாது என்று அரிஸ்டாட்டில் எழுதியதற்குக் கர்ணனையும் அர்ச்சுனனையும்விட யார் வேண்டும்?

இலங்கையில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் பேராதனைப் பல்கலைக்கழக மாணவர்களை வைத்து மட்டக்களப்புக் கூத்தை நவீன மேடைக்குக் கொண்டுவந்தார். அவற்றில் சி. மௌனகுரு எழுதிய ‘இராவணேசன்’ இராவணனைத் துன்பியல் நாயகனாகவே நிறுத்தியது. சுவாமி விபுலாநந்தர் 1926இலேயே ‘மதங்க சூளாமணி’யில் ஷேக்ஸ்பியர் நாடகங்களைச் சுவை இலக்கணத்தோடு வைத்து ஆராய்ந்துவிட்டார். இந்த நூலைப் படிக்காமல் தமிழில் நாடகவியல் பேசுவது பெரிய இழப்பு.

மக்கள் சுப முடிவைத்தானே விரும்புகிறார்கள்?

லியர் மன்னனுக்கு நேர்ந்ததைக் கேளுங்கள். ஷேக்ஸ்பியரின் நாடகத்தில் தூக்கிலிடப்பட்ட மகள் கார்டிலியாவைக் கையில் ஏந்திக்கொண்டு கிழவன் வருகிறான். 1681இல் நேஹம் டேட் என்பவர் இதை மாற்றி எழுதினார். லியர் பிழைத்து மறுபடி அரசனாகிறான், கார்டிலியாவுக்கு எட்கரோடு கல்யாணம். விதூஷகனைத் தூக்கியே விட்டார். இங்கிலாந்து மேடையில் ஏறத்தாழ 150 ஆண்டுகள் இதுதான் ஓடியது. 1838இல் மெக்ரெடி என்ற நடிகர்தான் பழைய வடிவத்தை, விதூஷகனோடு, மீட்டார். ஆங்கில விமர்சகர் சாமுவேல் ஜான்சன்கூட, கார்டிலியாவின் சாவு தந்த அதிர்ச்சியில் பதிப்பாசிரியராக வேலை வரும்வரை அந்தக் கடைசிக் காட்சிகளைத் திரும்பப் படிக்கத் துணியவில்லை என்று எழுதுகிறார்.

ஆக, விருப்பம் உண்மைதான். ஆனால் இன்று டேட்டின் லியரை யாரும் தேடிப்போய்ப் படிப்பதில்லை. லியருக்கு அரசு திரும்பக் கிடைத்துவிட்டால், அவன் மகளைப் புரிந்துகொள்ளாமல் செய்த பிழைக்கு விலை என்ன?

அரசர்களுக்குத்தான் துன்பியலா?

அரிஸ்டாட்டில் உயர்ந்த நிலையில் இருப்பவனைக் கேட்டார். அமெரிக்க நாடகாசிரியர் ஆர்தர் மில்லர் 1949இல் தன் ‘ஒரு விற்பனையாளனின் மரணம்’ மேடையேறிய கையோடு ஒரு கட்டுரை எழுதி, சாதாரண மனிதனும் அரசர்களைப் போலவே துன்பியலுக்கு உரியவன் என்று வாதாடினார். தன் கௌரவத்துக்காக உயிரையும் தரத் துணிகிறவன் யாராக இருந்தாலும் போதும் என்பது அவர் கட்சி. எனக்கு அதில் மறுப்பில்லை. ஆனால் அந்த விற்பனையாளன் வில்லி லோமன் கடைசிவரை தன் பிழையை முழுதாக அறிகிறானா என்று கேட்டுப் பாருங்கள். வகுப்பில் ஒரு மணி நேரம் விவாதம் நடக்கும்.

எங்கிருந்து படிக்கத் தொடங்கலாம்?

இலக்கண நூலிலிருந்து வேண்டாம். முதலில் ‘ஈடிபஸ் மன்னன்’. சுமார் 1,500 வரிதான், ஒரே அமர்வில் முடிக்கலாம். தனியாகப் படிப்பதைவிட நாலு பேர் வேடம் பிரித்துக்கொண்டு உரக்கப் படிப்பது நல்லது. மேய்ப்பன் காட்சியை இருமுறை படியுங்கள். அடுத்து ‘ஆன்டிகனி’, ‘பாரசீகர்கள்’, யூரிப்பிடிஸின் ‘மெடீயா’. கி.மு. 431இல் ‘மெடீயா’ போட்டியில் மூன்றாவதாக, அதாவது கடைசியாக வந்தது என்பதை நினைவில் வைத்துக்கொண்டு, ஏன் என்று யோசித்துப் படியுங்கள். இந்த நான்கும் முடிந்தபின் ‘கவிதையியல்’ 6 முதல் 14 வரையான இயல்கள். 13ஆம் இயலில் வீழ்ச்சியோடு முடிவதே சிறந்தது என்பார், 14இல் கொலை நடக்கும் முன்பே உறவை அறிந்து நிறுத்திக்கொள்வது சிறந்தது என்பார். இந்த முரணைத் தீர்க்க அறிஞர்கள் இன்னும் முயல்கிறார்கள். நீங்களும் முயலுங்கள்.

அப்புறம் பங்குனி, சித்திரையில் பக்கத்து ஊரில் பாரதக் கூத்து நடந்தால் ஒரு போர்வையை எடுத்துக்கொண்டு போய் விடியவிடிய உட்காருங்கள். கர்ணனின் தேர்ச்சக்கரம் மண்ணில் புதையும் இடம் விடியற்காலையில்தான் வரும்.